வாய் திறக்காத வகுப்பு

"எங்க பிள்ளைங்க இங்கிலீஷ்ல வாயே திறக்க மாட்டேங்குதுங்க, நஸீமா. உங்க பிள்ளைங்க மட்டும் எப்படிப் பேசுதுங்க?"

அமலோற்பவம் டீச்சர் இதைக் கேட்டது பஸ் நிறுத்தத்தில்.

நஸீமா அவளைவிட வயதில் ரொம்ப இளையவள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். அந்த வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரையும், அத்தனையும் இங்கிலீஷ் என்று வட்டாரத்தில் பேச்சு.

"நீங்க என்ன பண்றீங்கக்கா?" என்று திருப்பிக் கேட்டாள் நஸீமா.

"இங்கிலீஷ் பீரியட்ல தமிழ் பேசக் கூடாது. பேசினா எந்திரிச்சு நிக்கணும். தப்பாப் பேசினா அங்கேயே திருத்திருவேன். ஒரு தப்பை விடமாட்டேன்."

"சரி."

"நேத்து ரூபிகான்னு ஒரு புள்ள. ஒன்பதாவது. எந்திரிச்சுப் பேசுன்னேன். நின்னபடியே மயங்கி விழுந்துட்டா."

சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. தலை தரையில் மோதிய சத்தம் இன்னும் அவள் காதிலேயே இருந்தது.

நஸீமா சாலையைப் பார்த்தபடி சொன்னாள்:

"நாளைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு என் வகுப்புக்கு வாங்க. கடைசி பெஞ்சுல உக்காருங்க."

*

கடைசி பெஞ்சில் முழங்கால் இடித்தது. அமலோற்பவம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நஸீமா வெறுங்கையோடு வந்தாள். கடைசி பெஞ்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

"டுடே திஸ் டீச்சர் வில் ஸ்பீக்."

அமலோற்பவம் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள்.

நஸீமா சிரிக்கவில்லை. போய்ப் பிள்ளைகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இனி எழுந்து முன்னால் போகாமல் முடியாது.

இலக்கணம் அமலோற்பவத்துக்குத் தலைகீழாகப் பாடம். ஆனால் இத்தனை வருஷமாகக் கையில் புத்தகம் இல்லாமல் அவள் ஒரு வகுப்பின் முன் நின்றதில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதுகில் வியர்வை கோடாக இறங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நஸீமாவைப் பார்த்தாள், போதும் விட்டுவிடு என்பதுபோல். பிள்ளைகளோடு பிள்ளையாக நஸீமாவும் காத்திருந்தாள்.

கடைசியில் வாயிலிருந்து விழுந்தது இதுதான்:

"ஐ ஆம் ஃபியர்."

தப்பு. சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல வந்தவள், 'நான் பயம்' என்று சொல்லிவிட்டாள். ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பாள். காது மடல் கொதித்தது. இப்போது சிரிப்பார்கள், இப்போது சிரிப்பார்கள் என்று நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

முன் பெஞ்சில் ரிப்பன் அவிழ்ந்து தொங்க ஒரு சிறுமி.

"ஃபியர் ஹூ, டீச்சர்?"

யாரைக் கண்டு பயம் என்கிறாள்.

"யூ," என்றாள் அமலோற்பவம்.

"மீ?" அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துத் தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டாள். அவளால் நம்ப முடியவில்லை.

"யூ. ஆல் யூ."

சிறுமி யோசித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"டோன்ட் ஃபியர், டீச்சர். வீ ஸ்மால்."

வகுப்பு முடிந்து பள்ளி வாசலில் அமலோற்பவம் நஸீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தனையும் தப்பு நஸீமா! நான் பேசினதும் தப்பு, அது பேசினதும் தப்பு. நீங்க ஏன் திருத்தல?"

"எதைக்கா?" என்றாள் நஸீமா.

பஸ் வந்துவிட்டது.

*

மறுநாள் தன் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தபோது வழக்கம்போல எழுந்து நின்றார்கள். வழக்கம்போலச் சத்தம் செத்தது.

அமலோற்பவம் மேசைப் பக்கம் போகவில்லை. ரூபிகாவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண்கள் பதறி ஒதுங்கினார்கள். ரூபிகா பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரும் நிக்க வேண்டாம். யாரையும் திருத்தப் போறதில்ல. உங்க வீட்டுல என்ன விசேஷம், இங்கிலீஷ்ல சொல்லுங்க. எப்படி வருதோ அப்படி."

யாரும் பேசவில்லை.

மின்விசிறி கடகடத்தது. ஏதாவது சொல்லி இந்த மௌனத்தை உடைத்துவிடலாமா என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. புத்தகத்தை எடுத்துவிடலாமா? எடுக்கவில்லை. காத்திருந்தாள்.

தலை நிமிராமல், உதடு பிரிந்ததோ இல்லையோ என்பதுபோல ரூபிகா சொன்னாள்:

"சண்டே மை மேரேஜ்."

அமலோற்பவத்தின் நாக்கு தானாக எழுந்தது. வாக்கியத்தில் 'இஸ்' இல்லை. அந்த 'இஸ்' பல்லிடுக்கு வரை வந்தேவிட்டது.

அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது, அந்தப் பிள்ளை சொன்னது என்னவென்று.

அமலோற்பவம் அவள் பக்கம் திரும்பினாள்.

"வித் ஹூம்?"

"மை மாமா. அம்மா பிரதர்."

"ஏஜ்?"

"தர்ட்டி ஃபோர்."

வகுப்பில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

"யூ லைக்?"

"நோ."

அமலோற்பவம் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். வராந்தா முழுக்க அந்தக் கையை விடவில்லை. தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய்ச் சொன்னதும் அவர் தொலைபேசியை எடுத்துக் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தார்.

*

மறுநாளே அதிகாரிகள் போலீசோடு வந்து ரூபிகா வீட்டுக் கல்யாணப் பந்தலைப் பிரிக்க வைத்தார்கள். கல்யாணம் செய்ய மாட்டோம் என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமன்காரன் இன்னும் சிலரோடு வந்து அமலோற்பவத்தின் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினான். சத்தம் போடவில்லை. ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். அவள் தாழ்ப்பாள் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். விளக்கு வைக்கும் நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகும் அவளால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

திங்கட்கிழமை ரூபிகா பள்ளிக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அமலோற்பவம் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல? எங்கிட்ட வந்து தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?"

"அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லிட்டாங்க டீச்சர். வெளிய யார்கிட்டயாவது சொன்னா அம்மா செத்துருவாங்கன்னு."

"அப்புறம் அன்னிக்கு எப்படிச் சொன்ன?"

ரூபிகா சுற்றுமுற்றும் பார்த்தாள். டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"சத்தியம் தமிழ்லதான் டீச்சர் பண்ணேன். அம்மாவுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"