உப்பளத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன மண் ஆனை

ஒரு ஊர்ல ஒரு மியூசியம் இருந்துச்சாம். மியூசியம்னா தெரியும்ல? அந்தக் காலத்து மனுசங்க செஞ்ச பானை, பொம்மை, வாள் எல்லாத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, 'தொடாதீர்கள்'னு எழுதிப் போட்டிருக்கிற பெரிய கட்டடம். நீ ம் கொட்டிக்கிட்டே வரணும், சரியா? ம்.

அந்த மியூசியத்துல அல்லின்னு ஒரு பொண்ணு வேலை பாத்தா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் படம் வரையவும் பொம்மை செய்யவும் சொல்லிக் குடுக்கிறது அவ வேலை. ஆனா புள்ளைங்க வந்தாத்தானே? டவுன் புள்ளைங்க எப்பவாவது வருவாங்க, கையைக் கட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு பஸ் ஏறிப் போயிருவாங்க. கடலோரத்து உப்பளத்துப் புள்ளைங்க அப்படிக்கூட வந்ததில்லை. அப்போ அல்லி நினைச்சா, அவங்க வரலைன்னா என்ன, நாம போவோமேன்னு.

நேரா பெரிய ஆபீசர் பசுபதி சார்கிட்ட போனா. வண்டி வேணும்னு கேட்டா, சரின்னாரு. ஒரு மூட்டை களிமண் வேணும்னா, அதுக்கும் சரின்னாரு. அப்புறம் மெதுவா, அந்த ஆனையும் வேணும் சார்னா. அவர் முகமே மாறிப் போச்சு.

என்ன ஆனைங்கிற? ஆத்தங்கரையில மண்ணைத் தோண்டுறப்போ கெடைச்ச சுட்ட மண் ஆனை. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். ஒரு காது ஓரத்துல லேசா உடைஞ்சிருக்கும். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி யாரோ கையால பிடிச்சுச் செஞ்சது. பசுபதி சார் அதைத் தன் கண்ணு மாதிரி பாத்துக்கிட்டு இருந்தாரு. போட்டோவைக் காட்டினாப் போதாதான்னு கேட்டாரு. போட்டோவைத் தொட்டுப் பாக்க முடியாதே சார்னு அல்லி சொன்னா. அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஆனையை வெளிய எடுத்தாரு.

அப்புறம் சொன்னாரு, "சாயங்காலம் பூட்டுறதுக்குள்ள அது இந்தப் பெட்டிக்குள்ள வந்துரணும். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்த வண்டி இனிமே எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகாது."

அல்லி தலையை ஆட்டிட்டா. ஆனையைப் பஞ்சுல சுத்தி, டப்பாவுல வெச்சு, டப்பாவை மடியில வெச்சுக்கிட்டா. டிரைவர் ராயப்பண்ணன் வண்டியை எடுத்தாரு. கடகட கடகடன்னு போகுது வண்டி. டவுன் போச்சு, பனங்காடு போச்சு, அப்புறம் ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு உப்பு. நடுவுல ஒரு சின்னப் பள்ளிக்கூடம்.

தூங்கிட்டியா? இல்லையா, சரி கேளு.

அல்லி புள்ளைங்களை எல்லாம் வட்டமா உக்கார வெச்சா. எல்லாரும் கண்ணை மூடுங்கன்னா. ஆனையை ஒவ்வொருத்தர் கையிலயும் மாத்தி மாத்திக் குடுத்தா. முதுகைத் தடவுனாங்க, தும்பிக்கையைத் தடவுனாங்க, உடைஞ்ச காதையும் தடவுனாங்க. கை பாத்தது எதுவோ அதைச் செய்யுங்கன்னு சொல்லி ஆளுக்கு ஒரு உருண்டை களிமண் குடுத்தா. சொத் சொத்துன்னு மண்ணைத் தட்டுற சத்தம்தான், வேற பேச்சே இல்ல. வேணும்ங்கிறப்போ சேத்துக் கையோட மறுபடி போய் அந்த ஆனையைத் தொட்டுப் பாத்துட்டு வந்தாங்க. தொடாதேன்னு அல்லி சொல்லவே இல்ல. அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

அப்புறம் மணி அடிச்சுது. ஆனையை டப்பாவுக்குள்ள வெச்சுட்டு, சோறு போடுறதுக்கு ஒத்தாசையா அல்லியும் போனா. புள்ளைங்க சாப்பிட்டு முடிச்சு, அவங்கவங்க ஆனையைக் கொண்டுபோய் வெயில்ல வரிசையா நிக்க வெச்சாங்க. உப்பளத்து வெயிலைக் கேக்கணுமா? கொஞ்ச நேரத்துல எல்லாம் காஞ்சு மொடமொடன்னு ஆயிருச்சு.

கிளம்புற நேரத்துல அல்லி டப்பாவைத் திறந்தா. பஞ்சு இருக்கு, ஆனையைக் காணோம்.

டப்பாவைக் கவுத்துக்கூடப் பாத்தா. ஆனை எங்கன்னு கேட்டா. புள்ளைங்க சாதாரணமாச் சொன்னாங்க, அது பாவம் தனியா இருந்துச்சு டீச்சர், அதான் அதையும் ஊர்வலத்துல சேத்து விட்டோம்னு. வெளிய ஓடிப் பாத்தா, வரிசையா ஆனை. எல்லாம் எலுமிச்சம்பழம் அளவு. எல்லாம் ஒரே சேத்து நெறம். பழைய ஆனை மேலயும் அவங்க கைச் சேறு அப்பிக் காஞ்சு கெடக்கு.

அப்போ அல்லி, உடைஞ்ச காதை வெச்சுக் கண்டுபிடிச்சிரலாம்னு குனிஞ்சு பாத்தா. முதல் ஆனைக்குக் காது உடைஞ்சிருக்கு. பக்கத்து ஆனைக்கும் உடைஞ்சிருக்கு. எல்லா ஆனைக்கும் உடைஞ்சிருக்கு. கை பாத்ததை அப்படியே செஞ்சிருக்காங்க புள்ளைங்க.

அப்புறம் நகத்தால தட்டிப் பாத்தா, சுட்ட மண்ணுக்குத் தனிச் சத்தம் வருமேன்னு. டொக். டொக். டொக். சேறு அப்புனது எல்லாம் ஒரே டொக்குதான்.

அப்புறம் ஈரத் துணியை எடுத்து ஒரு ஆனையைத் துடைச்சா. மேல் சேறு போனா உள்ள சுட்ட செவப்பு தெரியும்ல? துடைச்ச கையோட தும்பிக்கை பொசுக்குனு கழண்டு வந்துருச்சு. அது சுப்புத்தாயின்னு ஒரு சின்னப் புள்ளை செஞ்சது. அவ அழல. உதட்டை மட்டும் கடிச்சுக்கிட்டு நின்னா. அல்லிக்கு அதுக்கு மேல கை ஓடல.

பொழுது சாஞ்சுக்கிட்டு இருக்கு. ராயப்பண்ணன் ஒரு வாளித் தண்ணியைத் தூக்கிட்டு வந்தாரு. எல்லாத்தையும் இதுல போட்டுருவோம்மா, காஞ்ச மண்ணு கரைஞ்சிரும், சுட்டது கரையாது, நமக்கு வேற வழியில்லைன்னாரு. அவர் சொன்னது நெசந்தான். அல்லி வாளியைப் பாத்தா, புள்ளைங்களைப் பாத்தா. இதுல போட்டா பழைய ஆனை கெடைக்கும், வண்டியும் நாளைக்கு இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போகும். ஆனா இந்தப் புள்ளைங்க இனிமே மண்ணைத் தொடுமா?

அவ அப்படியே நிக்கிறப்போ, இசக்கிமுத்துன்னு ஒரு பையன் தடதடன்னு ஓடி வந்தான். வரிசையில இருந்து ஒரு ஆனையை எடுத்து முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டான்.

"என் ஆனையைப் போடாதீங்க டீச்சர்."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே. இது உன்னோடதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் அவளை ஆச்சரியமாப் பாத்தான். "நான் செஞ்சது டீச்சர்."

அல்லி வாளியைத் தள்ளி வெச்சுட்டா. அவங்கவங்க செஞ்ச ஆனையை அவங்கவங்க எடுத்துக்குங்கன்னு சொன்னா. அவ்வளவுதான், சரசரன்னு வந்தாங்க. ஒருத்தரும் தடுமாறல, ஒருத்தரும் சண்டை போடல. ஒண்ணுக்கு வயிறு பெருசாம், ஒண்ணு லேசாச் சிரிக்குதாம், அவங்களுக்குத் தெரியுது. சுப்புத்தாயி தும்பிக்கையை எச்சில் தொட்டு ஒட்டிக்கிட்டா. கடைசியில ஒண்ணுதான் மிஞ்சணும். பாத்தா, ரெண்டு மிஞ்சியிருக்கு.

திக் திக் திக் திக். யாரு வரலைன்னு கேட்டா. ஜெபமலர் இல்லையாம். அவங்க அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுக்கிட்டு உப்பளத்துக்குப் போயிருக்காளாம். எல்லாரும் வாசல்ல நின்னு பாத்தாங்க. வெள்ளையாக் கெடக்கிற உப்புக்கு நடுவுல, வரப்பு மேல ஒரு சின்னப் புள்ளி. குடுகுடுன்னு வருது. கிட்ட வருது. ஜெபமலர்தான். கையில காலித் தூக்குச்சட்டி.

அவ குனிஞ்சுகூடப் பாக்கல. "இதுதான் என்னோடது. வாலை மறந்துட்டு அப்புறம் ஒட்டுனேன்"னு சொல்லி ஒண்ணை எடுத்துக்கிட்டா.

மிஞ்சுனதை அல்லி கையில எடுத்தா. ஈரத் துணியால லேசாத் துடைச்சா. சேறு போகப் போக, உள்ள செங்கல் மாதிரி செவப்பு. அப்படியே தரையில உக்காந்துட்டா. சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் வருது.

ஜெபமலர் கேட்டா, அதைச் செஞ்சவங்க எடுத்துக்க வரமாட்டாங்களான்னு.

அல்லி சொன்னா, "வரமாட்டாங்கம்மா. ரொம்ப காலமாச்சு. அதான் நாங்க எடுத்துவெச்சுப் பாத்துக்கிறோம்."

அப்புறம் கடகட கடகடன்னு திரும்பி வந்தாங்க. பசுபதி சார் சாவிக்கொத்தோட வாசல்லயே நிக்கிறாரு. அல்லி ஒண்ணையும் மறைக்கல, நடந்தது அத்தனையும் சொல்லிட்டா. அவர் ஆனையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒரு கீறல்கூட இல்ல. அப்புறம் என்ன நினைச்சாரோ, கண்ணை மூடிக்கிட்டு அதோட முதுகை ஒரு தடவு, தும்பிக்கையை ஒரு தடவு, உடைஞ்ச காதை ஒரு தடவு. பெருசா ஒரு மூச்சு விட்டாரு.

"அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போறப்போ, இது கழுத்துல ஒரு செவப்புக் கயிறு கட்டிட்டுக் கொண்டு போம்மா"ன்னாரு.

அதுக்கு அப்புறந்தான் அல்லி நிம்மதியாச் சாப்பிட்டா. ஆனை பெட்டிக்குள்ள போச்சு, வண்டி கொட்டகைக்குள்ள போச்சு, கதையும் வீடு வந்து சேந்துருச்சு. நீயும் போர்வைக்குள்ள போ கண்ணு. தூங்கு.