துடைத்த வியாழன்

டாக்டர் தணிகாசலம் கோபத்தில் இருந்தார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த மெஹருன்னிசாவால் பதில் பேச முடியவில்லை.

அவள் கல்லூரியில் கணிதம் நடத்துபவள். அவரைவிட இளையவள். தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திக் கோள்களைப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் பல் மருத்துவருக்கு அவள் டீச்சர்.

"வியாழன்ல பாறை மோதி கறுப்பா வடு விழுந்துச்சில்ல? எப்ப மோதுச்சுன்னு கண்டுபிடிக்க விஞ்ஞானிங்க நம்மள மாதிரி ஆட்கள்கிட்டதான் படம் கேட்டாங்க. அவங்க பெரிய தொலைநோக்கியெல்லாம் அன்னிக்கு வேற எங்கயோ பார்த்துக்கிட்டிருந்துச்சாம். காலையில அறிக்கை வந்துச்சு. அட்டையில துபாய்க்காரன் ஒருத்தன் படம், வடு முதல்ல தெரிஞ்சது அதுலதானாம். மசமசன்னு, தீய்ஞ்ச தோசை மாதிரி. என் படம் கண்ணாடி. எனக்கு ஒரே வரி. 'தணிகாசலம் எடுத்த படத்தில் வடு இல்லை. எனவே மோதல் அதற்குப் பிறகே நிகழ்ந்தது.' இது நியாயமா டீச்சர்?"

அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

"அசல் வீடியோ இருக்கா?"

கணினித் திரையில் அவளுடைய பல்லின் எக்ஸ்ரே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு வீடியோவை ஓடவிட்டார். ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல வியாழன் நெளிந்தது. கீழ் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி.

"அது கேமராவில தூசி. எப்பவும் விழும். கம்ப்யூட்டர்ல துடைச்சுட்டுத்தான் அனுப்புவேன்."

"தூசின்னா ஒரே இடத்துல நிக்கும். கோள் மட்டும்தான் ஆடும்."

அவர் குனிந்து பார்த்தார். வியாழன் இடப்பக்கம் நெளிந்தபோது புள்ளியும் நெளிந்தது. மேலே எழும்பியபோது புள்ளியும் எழும்பியது.

மெதுவாகக் கையுறையைக் கழற்றினார்.

"அப்ப இதுதான் அந்த வடுவா? துடைக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"எடுத்ததை எடுத்தபடி அனுப்புங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? பார்க்க லட்சணமா இருக்கணும்னு நீங்கதான் ஒத்தக்கால்ல நின்னீங்க. உங்களை நம்பித் தப்பா எழுதி வச்சிருக்காங்க."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

"இப்ப போய்ச் சொன்னா மானம் போயிடும் டீச்சர். ஒரு மணி நேரம் முன்னப்பின்ன. வியாழன் வந்து கேஸா போடப்போகுது? யாருக்குத் தெரியும், விட்டுடலாம்."

வீடியோவை மூடினார். பல்லின் படம் மறுபடி வந்தது. வேர் ஓரத்தில் கறுப்பாக ஓர் இடம்.

மெஹருன்னிசா நாற்காலியிலிருந்து இறங்கிக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"அந்தக் கறுப்பையும் துடைச்சுடுங்க டாக்டர். நான் வீட்டுக்குப் போறேன்."