பத்தாம் நம்பர் ஸ்பேனர்

"ஏனுங் அம்மிணி, ஒரு ஸ்பேனருக்காக ஒரு மனுசனக் கடலப் பாக்க உடமாட்டீங்களா?"

கேட்டவர் திருமலைசாமி. வயது அறுபத்திரண்டு. நாற்பது வருடம் பம்புசெட்டு பட்டறை நடத்தியவர். ஓய்வு பெற்றதும் பேசாமல் கோயில் குளம் என்று போயிருக்கலாம். விமானம் கட்டினார்.

கேட்கப்பட்டவர் எஸ்தர். அவரைவிட இருபத்தாறு வயது இளையவர். செம்மேட்டுப் புதூர் மண் ஓடுதளத்தில், வீட்டிலேயே விமானம் கட்டிக்கொள்ளும் கிறுக்கர்களுக்கெல்லாம் அவர்தான் குரு.

எஸ்தர் தரையில் விரித்துக் கிடந்த கித்தான் பையைக் காட்டினார்.

பையில் பதினேழு அறைகள். பதினாறில் கருவிகள் இருந்தன. பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்க வேண்டிய ஒன்பதாவது அறை காலி.

எஸ்தரிடம் சட்டம் என்று இருந்தது இரண்டே இரண்டு. பறக்கும் முன் பையில் உள்ளதை எண்ண வேண்டும். இறங்கியதும் மறுபடி எண்ணி, போன் செய்து சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தால் விமானம் அசையக் கூடாது. சொந்தக் கையால் கட்டுகிறவன் சொந்தக் கையாலேயே எதையாவது உள்ளே போட்டு மூடிவிடுவான். அது பறக்கும்போது உருண்டு போய்ப் பெடலுக்கு அடியில் சிக்கினால் கதை முடிந்தது.

"அது பட்டறையிலதான் கெடக்குமுங்க. எங்கயும் போயிருக்காது."

"பட்டறையில பாத்தீங்களாண்ணா?"

"பாத்தனுங்க."

"கெடச்சுதா?"

திருமலைசாமிக்குச் சுள்ளென்று வந்தது.

வராமல் என்ன செய்யும்? ஏழு வருடம் ராத்திரி பகல் பாராமல் கட்டிய விமானம். அதில் முதல் முறையாக இன்றைக்குத்தான் வெளியூர் போகிறார். ஆழிக்குப்பத்தில் உப்புக் கம்பெனிக்காரர்கள் கைவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று இருக்கிறது. போய் இறங்கி, மீன் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பி வர வேண்டும். காற்றில் ஐம்பது நிமிடம்.

இதைப் பார்ப்பதற்காகவே அவர் மனைவி ருக்குமணி நேற்றே பஸ் ஏறி அங்கே போய்விட்டார். ஏழு வருடமாக அந்த விமானத்தை "உங்க தகரக் கொட்டாய்" என்றே சொல்லி வந்த அம்மாள். தகரக் கொட்டாய் வானத்திலிருந்து இறங்குவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். திருமலைசாமிக்கு அது ஒன்று போதும்.

ஏழு மணிக்குள் கிளம்பினால்தான் உண்டு. ஒன்பதுக்கு மேல் கடற்காற்று எழும்பிவிடும். புதிதாக ஓட்டுகிறவரால் அங்கே இறங்க முடியாது. இன்று விட்டால் மழைக்காலம் கழிந்து தை மாதம்தான்.

மணி ஆறரை.

கூடவே கிளம்பவிருந்த இன்னொரு விமானம் பல் டாக்டர் நல்லமுத்துவுடையது. டாக்டர் தன் பையை எஸ்தர் எதிரில் எண்ணி, "பதினேழு" என்றார். பையைச் சுருட்டி இறக்கைக்கு அடியில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

எஸ்தரும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கம்பத்தில் கட்டிய காற்றுப் பையைப் பார்க்கப் போனார்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஊர் பூராவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பத்து நிமிடம் கழித்து டாக்டரின் விமானம் கிளம்பிப் போயிற்று. திருமலைசாமி தன் பையைக் கொண்டுவந்து விரித்தார்.

"பதினேழு."

"கெடச்சிருச்சா? எங்க இருந்துச்சு?"

"சீட்டுக்கு அடியில."

"நல்லது" என்றார் எஸ்தர். ஒன்பதாவது அறையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விமானத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"அம்மிணி, நீங்க வரலைன்னீங்களே?"

"எனக்கும் கடலப் பாக்கணும்போல இருக்கு."

பெல்ட்டை இழுத்து மாட்டினார். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொருக்கா எண்ணிப் பாக்கலீங்களா?"

"நீங்கதான் எண்ணிட்டீங்களே."

திருமலைசாமி இன்ஜினைக் கிளப்பினார். விமானம் ஓடுதளத்தின் முனைக்கு உருண்டது. பெடலை மிதித்தார். கிண் என்று ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தார். ஒன்றும் இல்லை. மறுபடி மிதித்தார். கேட்டதா, கேட்கவில்லையா?

பக்கத்தில் எஸ்தர் அசந்து தூங்குகிறவர் போல இருந்தார். கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. அது மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

என்ன பொம்பளை இது! ஒரு தரம் சந்தேகப்பட்டால் என்ன குறைந்துவிடும்? சந்தேகப்பட்டிருந்தால் கத்தியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், கோபத்திலேயே கிளம்பியிருக்கலாம். இப்படி நம்பித் தொலைத்தால் மனுசன் என்ன செய்வான்?

இன்ஜினை அணைத்தார்.

"அது என்ற ஸ்பேனர் இல்லீங்க அம்மிணி."

எஸ்தர் கண்ணைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றினார். யாருடையது என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் திருமலைசாமி சொல்லியிருப்பார். கேட்காததால் சொல்லவில்லை. சாயங்காலம் டாக்டர் வந்ததும் நைசாகப் பையில் செருகிவிட்டால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

"வாங்க, தேடலாம்" என்றார் எஸ்தர்.

இரண்டு இருக்கைகளையும் கழற்றினார்கள். அடித்தட்டைக் கழற்றினார்கள். அதற்கு மட்டும் நாற்பத்தெட்டு திருகாணி. எந்த முட்டாள் இத்தனை ஆணி வைத்தான் என்று வாய்விட்டே திட்டினார் திருமலைசாமி. வைத்தவர் அவர்தான்.

எட்டு மணிக்கு டாக்டரிடமிருந்து போன் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எட்டரைக்கு எஸ்தர் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஒன்பதுக்குத் திருமலைசாமி ருக்குமணியைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன்.

"டாக்டர் நல்லா ஓட்டறவருதானுங்களே?"

"நல்லா ஓட்டுவாரு."

"வண்டியில கோளாறு எதும்...?"

"கருவி ஒண்ணும் உள்ள கெடக்காது. பதினேழும் இருந்துச்சு, நான் பாத்தேன்."

ஒரு ஸ்பேனர் குறைந்ததால் வானத்தில் பறக்கிற விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. அது திருமலைசாமிக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? மறுபடி ருக்குமணியைக் கூப்பிட்டார்.

பத்து இருபதுக்கு அது கிடைத்தது. அடித்தட்டுக்குக் கீழே, பெடலிலிருந்து வாலுக்குப் போகும் கம்பியைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது. போன வியாழக்கிழமை அங்கே கையை விட்டது அவருக்கு நினைவு வந்தது.

எஸ்தர் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அப்போது போன் அடித்தது. ருக்குமணி.

"என்னுங்க, நீங்கெல்லாம் மனுசங்கதானா?"

"டாக்டர் எறங்கிட்டாரா ருக்கு?"

"ஏழே முக்காலுக்கே எறங்கிட்டாரு. எறங்கி என்ன பண்றது? பையத் தொறந்து எண்ணுனாரு. ஏதோ பத்தாம் நம்பர் ஸ்பேனர் காணோமாம். அப்பப் புடிச்சு வண்டிய அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சுப் போட்டுட்டு மண்ணுல உக்காந்திருக்காரு. பச்சத் தண்ணி குடிக்கல. வண்டிக்குள்ளதான் எங்கியோ கெடக்குது, கெடைக்காம எந்திரிக்க மாட்டேங்கறாரு. போன எடுங்கன்னா, கணக்கு நேராகாம எஸ்தர்கிட்டப் பேச மாட்டாராம். நான் சிக்னல் தேடி ரோட்டுக்கே நடந்து வந்தேன். நீங்க எங்க?"

திருமலைசாமி இரண்டு கையையும் பார்த்தார். இரண்டிலும் ஒவ்வொரு பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

"அது... என்றகிட்ட இருக்குதுன்னு சொல்லு."

"என்னது?"

"அவருகிட்டப் போயிச் சொல்லு ருக்கு."

கால் மணி நேரம் கழித்து மறுபடி போன் வந்தது.

"நம்ப மாட்டேங்கறாரு. காலையில எஸ்தர் முன்னாடி எண்ணிட்டுத்தான் பையச் சுருட்டுனாராம். மனசு ஆறட்டும்னு நீங்க பொய் சொல்றீங்களாம். திருமலைசாமியண்ணன் தங்கமான மனுசன்கறாரு. இப்ப இன்ஜின அவுக்கறாரு."

திருமலைசாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மிணி, நீங்க சொன்னா நம்புவாரு. நீங்க பேசுங்க."

"என்னன்னு சொல்லட்டும்ணா? எனக்கு என்ன தெரியும்?"

"போட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா?"

"எதோட போட்டோ? பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஊரு பூராவும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்ப அவரு எதத்தானுங்க நம்புவாரு?"

எஸ்தர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பதினொண்ணே காலுக்கு ஒரு பஸ் இருக்குண்ணா."

"பஸ்ஸா? அங்க ருக்குமணி நிப்பாளுங்களே! வானத்துல இருந்து வருவேன்னு நிக்கறா அம்மிணி. நான் பஸ்ஸுல போயி எறங்கி, அவ முன்னாடியே..."

"நிப்பாங்க."

"ஏழு வருசமுங்க."

"தெரியும்ணா. போயி எறங்குனதும் போன் பண்ணுங்க."

எல்லாரிடமும் சொல்வது போலவே சொல்லிவிட்டு, சிந்திக் கிடந்த திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார் எஸ்தர்.

பஸ்ஸில் நின்றுகொண்டே நாலு மணி நேரம். நடுவில் ஒரு டயர் பஞ்சர். திருமலைசாமி கண்டக்டரைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், மெக்கானிக் படிக்காமல் பல் படித்துவிட்டு விமானம் கட்டும் டாக்டரைத் திட்டினார். தன் சட்டைப் பையைத் தொடும்போது மட்டும் வாய் அடைத்துப் போயிற்று.

நாலு மணிக்கு ஆழிக்குப்பம் ஓடுதளத்தில் அவர் நடந்து போனபோது, விமானம் மூக்கில்லாமல் நின்றது. டாக்டர் முழங்கை வரை கிரீஸோடு மண்ணில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் திறக்காத டிபன் கேரியர். அதற்குப் பக்கத்தில் ருக்குமணி, பட்டுச் சேலையில்.

ருக்குமணி முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு கணவருடைய செருப்புக் காலைப் பார்த்தார்.

திருமலைசாமி ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

"காலையில நீங்க காபி குடிக்கப் போனப்ப உங்க பையில இருந்து எடுத்துப்போட்டேன் டாக்டர். நான்தான்."

டாக்டர் ஸ்பேனரைப் பார்க்கவில்லை. திருமலைசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கை நீட்டி வாங்கி, பையை விரித்து, சத்தமாக எண்ணினார். பதினேழு வந்ததும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

ருக்குமணி டிபன் கேரியரைத் திறந்து மூன்று தட்டு வைத்தார்.

திருமலைசாமி சிக்னல் தேடி ரோடு வரைக்கும் நடந்தார்.

"அம்மிணி, எறங்கிட்டனுங்க."

"எண்ணிக்கை?"

"பதினேழுங்க."

"எறக்கம் எப்படிண்ணா?"

திருமலைசாமி ஓடுதளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அடி கொஞ்சம் பலமுங்க அம்மிணி."

"மொதத் தடவ எல்லாருக்கும் அப்படித்தான்" என்று போனை வைத்தார் எஸ்தர்.