குளத்துத் தண்ணீரைத் திருடியவன்

முன்னொரு காலத்தில் வெம்பாறைச் சீமையைக் கண்டராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். அங்கே மழை கொஞ்சம், வெயில் தாராளம். போதாக்குறைக்கு ராஜாவுக்குத் திடீர் திடீரென்று ஆசைகள் வேறு வரும். இத்தனையையும் பொறுத்துக்கொண்டுதான் ஜனங்கள் பிழைத்தார்கள்.

ஒருநாள் அரண்மனைச் சுவரிலிருந்த ஓவியம் ஒன்று ராஜாவின் கண்ணில் பட்டது. தாத்தா யானைமேல் போகிறார். சுற்றிலும் பச்சைப்பசேல் என்று சம்பா வயல்.

"என் நாடு மட்டும் ஏன் கம்பும் சோளமுமாகக் கிடக்கிறது?" என்று கொதித்தார்.

நீர்க்கங்காணி விடங்கப்பர் இதற்கே காத்திருந்தவர்போல முன்னே வந்தார். நாட்டின் குளங்களுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. குளம் நிரம்பும் நாளில் பல்லக்கில் போவார், மாலை வாங்கிக்கொள்வார், மடைக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார், திரும்பிவிடுவார். அத்தோடு அந்த வருஷத்து வேலை முடிந்தது.

"பிரபு, தங்கள் தாத்தா காலத்துக் கோட்டில்தான் இன்றும் தண்ணீர் நிற்கிறது. குடியானவர்களுக்குத்தான் சோம்பல்!"

உடனே தண்டோரா போட்டாயிற்று. குளத்துப் பாசனத்தில் எல்லோரும் சம்பாதான் நடவேண்டும். மீறினால் நிலம் பறிபோகும்.

ஆலங்குளத்துக் கடைமடையில் பூவாத்தாள் என்ற கைம்பெண் கம்பு விதைத்திருந்தாள். அவளும் இரண்டு பெண்மக்களும் கஞ்சி குடிப்பது அந்த ஒரு துண்டு நிலத்தால்தான். சேவகர்கள் அவளைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள்.

"என் ஆணையை ஏன் மீறினாய்?" என்றார் ராஜா.

"நெல்லு நடத்தானுங்க எனக்கும் ஆசை, மகாராசா. ஆனா குளத்துத் தண்ணிய ஒருத்தன் தெனமும் திருடறானுங்க. அவனைப் புடிச்சுக் குடுங்க, நாளைக்கே நடறேன்."

விடங்கப்பருக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "என் காவலில் திருடனா? பொய்! இவள் நிலத்தைப் பறித்துவிடுங்கள், பிரபு."

"பறிச்சுக்கோங்க சாமி. அதுக்கு முந்தி ஒரு அண்டாவுல தண்ணி ரொப்பி அரண்மனை முத்தத்துல வெச்சு, நீங்களே மூணு நாள் காவல் இருங்க. ஒரு விரற்கடை கொறஞ்சாலும் திருடன் உண்டுன்னு ஒத்துக்கோணும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. பெரிய செப்பு அண்டாவை விளிம்புவரை நிரப்பினார்கள். விடங்கப்பர் குடைநிழலில் உட்கார்ந்து காவல் காத்தார். மூன்றாம் நாள் மாலை அளந்தால் மூன்று விரற்கடையைக் காணோம்!

"சேவகர்கள் குடித்திருப்பார்கள்!" என்று அலறினார் விடங்கப்பர்.

"நகரும் ஐயா, நானே பார்க்கிறேன்!" என்று அண்டாவை மறுபடி நிரப்பச் சொல்லி, மறுநாள் விடிந்ததும் ராஜாவே வாளோடு வந்து உட்கார்ந்தார். காக்கையைக்கூட அண்டவிடவில்லை. நெற்றி வேர்வை மீசையில் வழிந்தது. பொழுது சாய அளந்தார்கள். ஒரு விரற்கடை போயிருந்தது.

"என் கண்ணெதிரேயே திருடிவிட்டானா! யாரவன்?"

பூவாத்தாள் வானத்தைக் காட்டினாள். "காலையிலிருந்து உங்க தலைக்கு மேலதானுங்க நின்னான்."

சபை கொல்லென்று சிரித்தது. விடங்கப்பர் விடவில்லை. "தாத்தா காலத்திலும் இதே சூரியன்தானே?"

"அரண்மனைத் தாமரைத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தறவரைக் கேளுங்க" என்றாள் பூவாத்தாள்.

வயதான தோட்டக்காரர் வந்து கும்பிட்டார். "உங்க தாத்தா பெரிய மகாராசா காலத்துல வாரத்துக்கு ஒருக்கா ஊத்துனாப் போதுமுங்க. இப்ப மூணு வாட்டி ஊத்தறேன். வெயிலு அப்படி."

"அப்பெல்லாம் குளம் ரொம்புனப்புறமும் மழை விட்டு விட்டுப் பேஞ்சு ஈடு கட்டுமுங்க" என்றாள் பூவாத்தாள். "இப்ப ஒரே மூச்சுல கொட்டிட்டு, ஆறு மாசம் தலைகாட்டறதில்லை. சம்பா அந்த ஆறு மாசமும் தண்ணிக்குள்ள நிக்கோணும். வயலெல்லாம் தண்ணியப் பரப்பி வெச்சா, திருடனுக்கு எலை போட்டு விருந்து வெச்ச மாதிரிதானுங்க. கம்புக்கு ரெண்டு மூணு தண்ணி போதும், மூணே மாசம். மிச்சத் தண்ணிய நாமளும் மாடு கன்னும் குடிக்கலாம்."

ராஜா எழுந்து நின்றார். "விடங்கப்பரே, வருஷத்தில் ஒருநாள் மடைக்கல்லின் கோட்டைப் பார்த்துவிட்டு என் நாட்டையே காயப்போட இருந்தீர். இன்றுமுதல் பூவாத்தாள்தான் நீர்க்கங்காணி. நீர் அவள் சொற்படி தினமும் உச்சி வெயிலில், குடையில்லாமல், குளத்தை அளக்கவேண்டும். என் ஆணையும் ரத்து. அவசரப்பட்டது என் தப்பு."

ராஜா ஒருவர் தப்பை ஒப்புக்கொண்டதைச் சபை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

அந்த வருஷம் குளம் நிரம்பியதோடு சரி, அப்புறம் ஒரு தூறல்கூட இல்லை. ஆனாலும் வெம்பாறையில் ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை. களத்துமேடுகளில் கம்பு குவிந்து கிடந்தது. கோடையிலும் மாடுகள் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தன.

ஒருநாள் உச்சிப்பொழுதில் விடங்கப்பர் அளவுகோலோடு, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"கங்காணியம்மா, இன்றைக்கும் ஒரு விரற்கடை எடுத்துவிட்டான்!"

பூவாத்தாள் அவருக்கு ஒரு செம்பு கூழை நீட்டிவிட்டுச் சிரித்தாள். "எடுத்துக்கட்டுமுங்க. நம்ம கம்பு வீடு வந்து சேந்துருச்சு!"