மருதமரத்தில் கோரைப்புல்

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. அதன் விளிம்பிலேயே, பாதி வேர் தண்ணீருக்குள் கிடக்க, ஒரு நீர்மருது நின்றது. அப்பப்பா, என்ன மரம் அது, குழந்தைகளே! வழுவழுவென்று வெளுத்த அடிமரம். யானை ஒன்று பின்னால் போய் நின்றால் தும்பிக்கை மட்டும்தான் வெளியே தெரியும். ஐந்து சிறகு வைத்த அதன் காய்கள் ஆற்றில் விழுந்து மிதந்துகொண்டே போகும்.

அந்த மரத்தில் வரிச்சி என்ற அணில் கூடு கட்டியிருந்தது. கூட்டில் இன்னும் கண் திறக்காத மூன்று பிள்ளைகள்.

ஒரு நாள் மலைப்பக்கம் வானம் கறுத்தது. மேட்டிலிருந்த இலவமரத்துக் கிளி பறந்து வந்தது. யாரோ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வித்தை.

"அணிலக்கா! ஆற்றங்கரை மரம் ஆபத்து! ஆற்றங்கரை மரம் ஆபத்து! பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு எங்க மேட்டுக்கு வந்துடு!"

"இந்த மரம் ஆடி நீ பார்த்திருக்கியா, தம்பி?"

"பார்க்கணுமா என்ன? காடே சொல்லுதே!"

வரிச்சி கூட்டையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தது. போனால், கொட்டும் மழையில் ஒவ்வொரு பிள்ளையாகக் கவ்விக்கொண்டு மேடுவரை ஓட வேண்டும். இருந்தால், மரத்தோடு சேர்ந்து எல்லோரும் ஆற்றோடு போக வேண்டியதுதானோ?

முதல் பிள்ளையைத் தூக்கக் கூட்டுக்குள் தலையை விட்டது. அதன் அடியில் விரித்திருந்த மெத்தை கண்ணில் பட்டது. காய்ந்த கோரைப்புல்.

"அட! கோரை ஆற்றில்தானே முளைக்கும்? மரத்துக்கு எப்படி வந்தது?"

அதை எடுத்த இடம் வரிச்சிக்கு நினைவு வந்தது. கூட்டுக்குக் கீழே இருந்த கிளைக் கவட்டுக்கு ஓடியது. அங்கே இன்னும் கொஞ்சம் கோரை சிக்கிக் கிடந்தது. காய்ந்த சேறும் ஒரு நத்தை ஓடும் அதோடு ஒட்டியிருந்தன.

"தம்பி, இங்கே பாரு! வெள்ளம் இதுவரைக்கும் ஏறியிருக்கு. வந்த வெள்ளம் போயிடுச்சு, மரம் நிக்குது. நான் வரலை."

"பட்டால்தான் உனக்குப் புத்தி வரும்!" என்று கிளி பறந்துவிட்டது.

வரிச்சி சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளை உச்சிக்கிளைப் பொந்துக்கு மாற்றியது.

வெள்ளம் வந்தது. கவட்டைத் தாண்டிக் கூட்டையும் நனைத்தது. மருது தலையைச் சிலுப்பியதே தவிர, காலை எடுக்கவில்லை. எவ்வளவு தண்ணீர் மோதியும் வேர் பிடித்த பிடியை விடவில்லை. வரிச்சி மரத்தைக் கட்டிக்கொண்டு, "என் ராசா!" என்றது.

மேட்டு மண்ணோ மழையில் கரைந்தது. இலவமரம் வேரோடு சாய்ந்தது. கிளி தொப்பலாக நனைந்து மருதுக்கு வந்தது.

"அக்கா... இடம் இருக்கா?"

"இல்லாமல் என்ன? வா. முதல்ல அங்கேயே இறக்கையை உதறிக்கோ, பிள்ளைங்க மேலே தெளிக்காதே."

மறுநாள் வெயில் அடித்தது, தண்ணீர் வடிந்தது. கவட்டில் சிக்கியிருந்த புதுக் கோரையை வரிச்சி காயவைத்துக்கொண்டிருந்தபோது, உச்சியிலிருந்து சத்தம் கேட்டது.

"ஆற்றங்கரை மரம் அசையாது! ஆற்றங்கரை மரம் அசையாது!"

வரிச்சி தலையில் அடித்துக்கொண்டது. "எந்த மரம்னு பார்த்துட்டுச் சொல்லு, தம்பி!"

நீதி: ஊர் சொல்வதை வைத்து எதையும் எடைபோடாதே, அது தாங்கி நின்றதன் அடையாளத்தைப் பார்.