ஏழு பாகம்

வெள்ளைக்கார ராணி காலத்துக் கடற்படைக் கப்பல் அது. ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம், நடுவுல புகைக்குழாய். சண்டைக்குப் போகல. அந்தமானுக்கு அந்தப் பக்கம் கடலோட ஆழத்தை அளந்து படம் போட வந்திருந்துச்சு. பின்னாடி வர்ற கப்பலுங்க அந்தப் படத்தை நம்பித்தான் வரணும். நாலு மாசமா எதிர்ல ஒரு பாய்மரம்கூட தென்படல.

கப்பல் ஓரத்துல, தண்ணிக்கு மேல நீட்டினாப்ல ஒரு பலகை. ஒரு ஆள்தான் நிக்கலாம். சக்கரத்தை நிறுத்துவாங்க. அவன் கயித்துல கட்டின ஈயக்குண்டை எறியணும். தரை தட்டினதும் ஆழத்தைக் கத்தணும். ரெண்டு கையையும் விரிச்ச நீளம் ஒரு பாகம்.

"ஏழு பாகம்!"

பதில் வராது. உள்ள கப்பல் துரை படத்துக்கு எழுதிக்குவாரு. அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு வாத்தியார் கீழக்கரை சதக்கு லெப்பை. வயசு முப்பத்தெட்டு. சிஷ்யன் மணப்பாடு கஸ்பார். வயசு அம்பது.

ஒரு சாயங்காலம் கஸ்பார் வந்து நின்னார்.

"வாத்தியாரே, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது."

"மூத்தவரைத் திட்டினா எனக்குத்தான் பாவம். சொல்லுங்கண்ணே."

"மத்தியானம் ஒரு தடவை குண்டைப் போடல. தோள்பட்டை விட்டுப்போச்சு. சும்மா கத்திட்டேன்."

"என்னன்னு?"

"ஏழு பாகம்னு. முந்தின தடவையும் ஏழுதானே? துரை எழுதிட்டாரு. இப்பப் போய்ச் சொன்னா அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்டுருவாரு. சொல்லித்தான் ஆகணுமா?"

லெப்பை தலைப்பாத் துண்டை அவுத்து கஸ்பார் கண்ணைக் கட்டினார்.

"நடங்க. நான் வழி சொல்றேன்."

கஸ்பார் நடந்தார்.

"வாங்க... வாங்க... வழி சுத்தம். தைரியமா வாங்க."

தைரியமா வந்தார். நங்கூரச் சங்கிலி தடுக்கிக் குப்புற விழுந்தார்.

துண்டைப் பிடுங்கிப் பாத்தா, லெப்பை முதுகைக் காட்டிக்கிட்டு கடலைப் பாத்து நிக்கிறாரு.

"யோவ்! பாத்தா சொன்னீரு?"

"காலையில பாத்தேண்ணே. சுத்தமாத்தான் இருந்துச்சு."

கஸ்பார் முட்டியைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். சுத்தியும் தண்ணி. வேற ஒண்ணுமில்ல. எந்திரிச்சார். துரை அறைப் பக்கம் திரும்பினார்.

"கூட வர்றீங்களா வாத்தியாரே?"

லெப்பை துண்டை உதறித் தலையில கட்டினார்.

"பலகையில ரெண்டு பேரு நிக்க முடியாதுண்ணே."