கிராம்பு விதைத்த ராஜா

நெடுங்குன்றத்து ராஜா இடும்பசேகரருக்குத் திடீரென்று ஓர் ஆசை. கப்பலில் வரும் கிராம்பு நம் தோட்டத்திலேயே விளைந்தால் என்ன? நல்ல நேரம் பார்த்தார்கள். மேளம் கொட்டினார்கள். ராஜா தம் கையாலேயே ஒரு பிடி கிராம்பை விதைத்தார்.

நாற்பது நாள் ஆயிற்று. முளைத்தது என்னவோ கோரைப்புல்தான்.

மந்திரி கும்பலிங்கம் மூக்காலே பேசுவார். ஓயாமலும் பேசுவார். “ங்... மகாராஜா கை பட்டது முளைக்காமல் போகுமா? ங்... இந்தத் தோட்டக்காரன் மாடக்கண்ணு தண்ணீரே ஊற்றவில்லை! ங்... ஐம்பது கசையடி...”

“கொடு!” என்று உறுமினார் ராஜா.

“ஐயோ சாமி, குடம் குடமா ஊத்தினேனே சாமி! இடுப்பே கழண்டு போச்சு சாமி!” மாடக்கண்ணு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அங்கே செங்கமலம் நின்றிருந்தாள். ராஜாவுக்கு வெற்றிலை மடித்து, சுருள் பிரியாமல் ஒரு கிராம்பைக் குத்திக் கொடுப்பவள் அவள்தான்.

“மகாராஜா, சாட்டை வருவதற்குள் ஒரு கிண்ணம் வெந்நீர் வரட்டும்” என்றாள்.

வந்தது. அதில் ஒரு கிராம்பைப் போட்டாள். ஊறியதும் அதன் உருண்டைத் தலையை நகத்தால் மெல்லப் பிரித்தாள். நாலே நாலு குட்டி இதழ். உள்ளே பொடிப் பொடியாய் இழைகள்.

“இது விதையில்லை, மகாராஜா. பூக்கும் முன்பே பறித்துக் காயவைத்த மொட்டு. மல்லிகை மொட்டை நட்டால் கொடி வருமா?”

சபையே கிண்ணத்தை எட்டிப் பார்த்தது. ராஜாவின் காது சிவந்தது.

கும்பலிங்கம் துள்ளினார். “ங்... ராஜா தவறாக விதைத்தார் என்கிறாயா? ங்... ஈரம் போதவில்லை, அவ்வளவுதான்! ங்... ஓயாத ஈரம் இருந்தால் மொட்டும் முளைக்கும்!”

“சரியாகச் சொன்னீர்கள், மந்திரி ஐயா! ஓயாத ஈரம் இந்த அரண்மனையில் ஒரே இடத்தில்தான் உண்டு. உங்கள் வாய்! இதை நாக்கின் அடியில் வையுங்கள். சாப்பிட மட்டும் வாய் திறக்கலாம். பேசினால் காற்றுப் பட்டு முளை கருகிவிடும். நாற்பது நாளில் முளைத்தால் மாடக்கண்ணுக்குக் கசையடி.”

“முளைக்காவிட்டால்?” என்றார் ராஜா.

“சபைக்கு நாற்பது நாள் நிம்மதி, மகாராஜா.”

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். கும்பலிங்கத்தின் வாயில் கிராம்பை அவரே வைத்தார். மாடக்கண்ணுவை எழுப்பிவிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றிச் செங்கமலத்திடம் நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

“செங்கமலம், கிராம்பு மரம் பூக்க எத்தனை வருஷம் ஆகும்?”

“ஏழெட்டு வருஷம் என்று கப்பல்காரர்கள் சொல்கிறார்கள், மகாராஜா.”

“ம்ம்ம்!” என்று அலறினார் மந்திரி, வாய் திறக்காமல்.

“அப்படியானால் நாற்பது நாள் எதற்கு?” என்று மாலையை அவள் கையில் வைத்தார் ராஜா. “பூக்கும் வரைக்கும் பார்த்துவிடுவோம்!”